எண்ணெய் சொட்டாத கசிவு: ஃபர்னஸுக்குப் புது டேங்கும் குழாயும் போட்ட அனுபவம்

எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஃபர்னஸ் இப்போது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. டேங்கில் எண்ணெய் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகும் சரி, இரவெல்லாம் அணைந்து கிடந்து விடியற்காலையில் மறுபடி பற்றும்போதும் சரி, பர்னர் ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. முதலில் போட்ட எண்ணெய்க் குழாயைக் கழற்றி வேறு வழியாகக் கொண்டுபோன பிறகுதான் இது வாய்த்தது. பேஸ்மென்டில் டேங்க் வைத்து எண்ணெய் எரிக்கிறவர்களுக்கு உதவும் என்று வேலையை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

இதைத் தனியாகச் செய்யவில்லை. இந்தத் தொழிலுக்கு உரிமம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூடவே இருந்தார். டேங்க் பொருத்துவது, பர்னரில் இணைப்பது, கடைசிப் பரிசோதனை எல்லாம் அவர் பொறுப்பு. அளப்பது, வெட்டுவது, மரை போடுவது, தூக்குவது என் பங்கு. அமெரிக்காவில் என்எஃப்பிஏ 31, கனடாவில் சிஎஸ்ஏ பி139 என்று இந்த வேலைக்கென்றே விதிநூல்கள் இருக்கின்றன. அனுமதி வாங்காமல் தொடக்கூடாத வேலை இது. டேங்க் ஒழுகினால் தரையோடும் மண்ணோடும் கிணற்று நீரும் கெட்டுப்போகும்.

பழைய டேங்கை மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம் அதன் அடிப்பகுதி. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். காலியாக இருக்கும் மேல்பகுதியில் ஈரக்காற்று வியர்த்து நீராக இறங்கும். எண்ணெயைவிட நீர் கனம் என்பதால் அது அடியில் போய்த் தங்கும். அதோடு கசடும் சேர்ந்து வருடக்கணக்கில் ஒரே இடத்தைத் தின்றுகொண்டிருக்கும். அடிப்புறம் விரலால் தடவினால் சின்னச் சின்னக் கொப்புளங்களும் ஓரிடத்தில் லேசான பிசுபிசுப்பும் தெரிந்தன. அந்தப் பிசுபிசுப்பைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

மிச்ச எண்ணெயை இறைத்து, கசடை வழித்து, டேங்கை வெட்டி வெளியே கொண்டுபோனோம். புது டேங்க் வேறு மூலையில் வருவதால் பழைய நிரப்புக் குழாய் சும்மா சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மூடி போட்டு விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். முழுக் குழாயையும் உருவி எடுத்து, சுவர்த் துளையை சிமென்ட் வைத்து அடைத்துவிட வேண்டும். எண்ணெய் கொண்டுவரும் லாரிக்காரருக்கு வெளியே தெரிவது அந்தக் குழாய்வாய் மட்டும்தான். உள்ளே டேங்க் இல்லாத குழாயில் ஹோஸை மாட்டிவிட்டால் நூற்றுக்கணக்கான லிட்டர் நேராகப் பேஸ்மென்டில் கொட்டும். இப்படிப் பாழாகிப்போன வீடுகள் உண்டு.

புது டேங்க் 275 அமெரிக்க காலன் கொள்ளளவு, அதாவது சுமார் 1,040 லிட்டர். நின்ற நிலையில் அகலம் 27 அங்குலம், உயரம் 44, நீளம் 60. வாங்கும் முன் கதவை மட்டும் அளந்தால் போதாது, படிக்கட்டுத் திருப்பத்தையும் அளக்க வேண்டும். அட்டையை 44க்கு 60 வெட்டி அந்தத் திருப்பத்தில் திருப்பிப் பார்த்தோம். அண்ணன் சொல்லித்தந்த அந்த வேலை நல்ல காரியம், ஏனென்றால் கைப்பிடிக் கட்டையைக் கழற்றினால்தான் இறங்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

காலி டேங்கைவிட நிரம்பிய டேங்கின் கனம்தான் கணக்கு. எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 0.85 கிலோ. ஆயிரம் லிட்டர் என்றால் எண்ணெய் மட்டுமே 850 கிலோ, டேங்கின் எடையையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். அது நான்கு கால்களில் நிற்கிறது, காலுக்குக் கால் டன். ஆகவே விரிசல் இல்லாத கான்கிரீட் தரை வேண்டும். உயரம் பத்தவில்லையென்று காலுக்கடியில் மரக்கட்டையைச் சொருகுவதெல்லாம் கூடாது. கால்களை நீளம் பார்த்து வெட்டிப் பொருத்தினோம். எண்ணெய் அடியிலிருந்து வெளியேறும் டேங்க் என்பதால் வாய் இருக்கும் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம். 60 அங்குல நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் வருகிறது. ஒன்றேகால் அங்குலத் துண்டுப் பலகையைத் தாழ்ந்த முனையில் டேங்குக்கும் நீளமான மட்டப்பலகைக்கும் நடுவே வைத்து, குமிழ் நடுவில் நிற்கும் வரை கால்களைச் சரிசெய்தோம். இந்தச் சரிவு இருந்தால் நீர் டேங்கின் அடியில் தேங்காமல் வாய்க்கு வந்து ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். பழைய டேங்க் மட்டமாக இருந்ததால்தான் நடு அடி அரித்தது என்பது என் எண்ணம். பர்னரின் தீயிலிருந்து டேங்க் 5 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். எங்களுடையது அதைவிட நன்றாகவே தள்ளி நிற்கிறது.

அப்புறம் நிரப்புக் குழாயும், டேங்கின் காற்று வெளியேறும் வென்ட் குழாயும். நிரப்ப 2 அங்குலம், வென்டுக்கு ஒன்றேகால் அங்குலம், இரண்டுமே கறுப்பு இரும்புக் குழாய். அங்கங்கே முழங்கை இணைப்புகளைச் சேர்த்துச் சற்றுத் திரும்ப இடம்விட்டுப் பொருத்தினோம். டேங்க் நிரம்பிக் கொஞ்சம் அமிழ்ந்தாலும் குழாய் இழுபட்டு மரையில் கீறாது. இரண்டு குழாயும் டேங்கை நோக்கியே சரிய வேண்டும், நடுவில் எங்கும் எண்ணெய் தேங்கக்கூடாது. மரை போடும் கருவியை வாடகைக்கு எடுத்தோம். 18 அங்குல, 24 அங்குல பைப் ரெஞ்ச் இரண்டும் வேண்டும். 2 அங்குலக் குழாயைச் சின்ன ரெஞ்சால் இறுக்க முயன்றால் தோள்தான் வலிக்கும், இணைப்பு இறுகாது.

மரைக்கு டெஃப்ளான் டேப் சுற்றவே இல்லை. தண்ணீர்க் குழாயில் அது சரி. எண்ணெய்க் குழாயில் டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் வால்விலும் பர்னரின் பம்ப்பிலும் எண்ணெயைத் தூவும் நாசிலிலும் போய் உட்காரும். எண்ணெய் தாங்கும் பசையை, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு மற்றதில் பிரஷ்ஷால் தடவினோம். முனையில் தடவினால் பசையும் உள்ளே வழியும்.

வென்ட் குழாய் டேங்கில் இறங்கும் இடத்தில் ஒரு விசில் பொருத்த வேண்டும். லாரியிலிருந்து எண்ணெய் இறங்க இறங்க டேங்கின் காற்று வென்ட் வழியே வெளியேறும், அப்போது விசில் ஊதும். எண்ணெய் மேலே ஏறி விசிலின் குழாய்முனையைத் தொட்டதும் சத்தம் நின்றுபோகும். லாரிக்காரர் அந்தக் கணமே நிறுத்துவார். சத்தமே வராவிட்டால் அவர் நிரப்பவே கூடாது. ஒரு சாதாரண விசில்தான், ஆனால் டேங்க் பொங்காமல் காப்பது அதுதான். நிரப்பும் இடத்தில் நிற்பவர் காதுக்கு விசில் எட்டும்படி வென்டின் வெளிமுனையைப் பக்கத்திலேயே வைத்தோம். பனி மூடாத உயரத்தில், சன்னலிலிருந்து 2 அடிக்கு மேல் தள்ளி, மழைமூடியோடு.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. மெல்லிய காப்பர் குழாய்தான் பாடம் கற்றுக்கொடுத்தது.

டேங்கின் வாயில் முதலில் வெப்பத்தில் மூடிக்கொள்ளும் வால்வு. அதன் தண்டைப் பிடித்திருக்கும் உலோகம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 74 செல்சியஸில் உருகும். தீப்பிடித்தால் ஸ்பிரிங் தானாக மூடிவிடும். அடுத்தது ஃபில்டர். அங்கிருந்து பர்னர் வரை 3/8 அங்குல வெளிவிட்டம் உள்ள காப்பர் குழாய். பர்னருக்கு முன்னால் இன்னொரு வெப்ப வால்வு.

இணைப்புகள் எல்லாம் ஃப்ளேர், அதாவது குழாயின் வாயைக் கூம்பாக விரித்து நட்டால் இறுக்கும் வகை. வளையம் வைத்து நசுக்கும் கம்ப்ரெஷன் இணைப்பை எண்ணெய்க் குழாயில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஃப்ளேர் போடுவதற்கு அவசரம் ஆகாது. நட்டை முதலில் குழாயில் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக இறுக்கி வெட்ட வேண்டும், வேகமாக இறுக்கினால் குழாயின் வாய் உள்ளே மடங்கும். வெட்டிய பிறகு பிசிறைச் சுரண்டும்போது குழாய்வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் துகள் உள்ளே விழாது. கருவியின் கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாகத் திருக, 45 டிகிரியில் வாய் விரியும். விரிந்த முகம் கண்ணாடிபோல் வழவழவென்று, எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தால் வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இந்த முகத்தில் பசை, டேப் எதுவும் வேண்டியதில்லை. உலோகத்தில் உலோகம் பதிந்தே அடைக்கிறது.

குழாய்க்கான வழியைத் தேர்வுசெய்ததில்தான் பின்னால் வந்த தொல்லை எல்லாம் தொடங்கியது. டேங்குக்கும் ஃபர்னஸுக்கும் நடுவே ஒரு கதவு. தரையோடு நேரே போனால் கதவுவழியைக் குறுக்கே கடக்க வேண்டும். அதனால் சுவரில் ஏற்றி, கூரை உத்தரங்களை ஒட்டி, 7 அடி உயரத்தில் கடந்து மறுபக்கம் இறக்கினோம். கையிலிருந்த சுருளின் நீளம் பத்தாமல் மேலே நடுவில் ஒரு ஃப்ளேர் இணைப்பு. பார்ப்பதற்கு அழகாக இருந்தது, காலில் இடறாது, யாரும் மிதிக்க முடியாது.

பம்ப்பில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து ஒரே குழாய் வருகிறதா, அல்லது மிஞ்சும் எண்ணெயைத் திருப்பி அனுப்ப இரண்டாவது குழாயும் உண்டா? ஒரே குழாய் என்றால் பம்ப்புக்குள் இருக்கும் குட்டித் திருகு, பைபாஸ் ப்ளக், உள்ளே இருக்கக்கூடாது. திரும்பும் குழாய் இல்லாமல் அந்தத் திருகோடு ஓட்டினால் எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பம்ப்பின் தண்டுச் சீல் பிய்ந்து தரையெல்லாம் எண்ணெய். எங்களுடையது ஒரே குழாய். திருகு வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பர்னரை ஓட்டினோம்.

காற்றை வெளியேற்றும் வாயில் ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு டப்பாவில் வைத்து, நுரையில்லாத எண்ணெய் வரும் வரை விட்டு, மூடினோம். பற்றிக்கொண்டது. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தோம். எல்லாம் காய்ந்தே இருந்தது.

டேங்க் நிறைந்திருந்த நாட்களில் ஒரு குறையும் இல்லை. பாதிக்குக் கீழே இறங்கியதும் தொடங்கியது. பகலில் நன்றாக ஓடும் பர்னர், இரவு தெர்மோஸ்டாட்டைத் தாழ்த்தி வைத்து நெடுநேரம் ஓடாமல் இருந்தால் விடியற்காலையில் பற்றாது. பாதுகாப்புக் கட்டுப்பாடு நிறுத்திவிடும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் இருமிவிட்டு ஓடும். நாசில் மேல் சந்தேகம் வந்து அதை மாற்றினோம். தீப்பொறி முனைகளின் இடைவெளியைச் சரிபார்த்தோம். தீயைப் பார்க்கும் கண்ணைத் துடைத்தோம். ஃபில்டரும் புதிது. எதற்கும் அது அசையவில்லை.

விடை, காற்று வெளியேற்றும் ஹோஸில் இருந்தது. காலையில் பற்ற மறுத்த உடனே திறந்து பார்த்தால், முதலில் ஒரு நீளக் காற்றுத்துண்டு வந்தது, பிறகு சுத்தமான எண்ணெய். பம்ப்பருகே மாட்டிய வெற்றிட மீட்டரோ கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. உறிஞ்சும் சிரமமே இல்லை, ஆனாலும் காற்று வருகிறது. இது எப்படி?

அண்ணன் கூரையைக் கையால் காட்டினார். டேங்கின் எண்ணெய் மட்டம் பம்ப்பைவிட உயரத்தில் இருப்பதால் பம்ப்பருகே வெற்றிடம் தெரியாது. ஆனால் குழாய் நடுவில் 7 அடிக்கு ஏறி இறங்குகிறது. அந்த உச்சியில் இருக்கும் எண்ணெய் இரண்டு பக்கமும் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் மட்டத்துக்கு மேலே ஒவ்வோர் அடி உயரத்துக்கும் முக்கால் அங்குலப் பாதரச அளவு வெற்றிடம். டேங்க் நிறைந்திருக்கும்போது உச்சிக்கும் மட்டத்துக்கும் 3 அடி வித்தியாசம், இரண்டேகால் அங்குலம். அடிமட்டத்துக்கு வரும்போது 6 அடி, நாலரை அங்குலம். பர்னர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இருபத்துநாலு மணி நேரமும் அந்த உச்சி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டேயிருக்கும். நாங்கள் இணைப்பு வைத்ததும் சரியாக அங்கேயேதான். இரவெல்லாம் சிறுகச் சிறுக நுழையும் காற்று உச்சியில் சேர்ந்து, காலையில் ஒரே துண்டாகப் பம்ப்புக்குள் வரும். பகலில் அடிக்கடி ஓடுவதால் சேர நேரமில்லை.

காகிதத்தால் துடைத்ததில் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது புரிந்தது. வெற்றிடத்தில் இருக்கும் குழாயில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அங்கே எவ்வளவு துடைத்தாலும் காகிதம் வெள்ளையாகவே இருக்கும்.

கை வெற்றிடப் பம்ப்பை வாடகைக்கு எடுத்து வந்தோம். குழாயின் எண்ணெயை வடித்து, டேங்க் வால்வை மூடி, பர்னர் முனையிலிருந்து 20 அங்குல வெற்றிடம் வரை இழுத்துவிட்டுப் பார்த்தால், பத்து நிமிடத்தில் முள் 14க்கு வந்துவிட்டது. நடு இணைப்பைப் பிரித்து, இரு பாதிகளையும் அந்த முனையில் அடைத்துத் தனித்தனியாக இழுத்தோம். டேங்க் பக்கம் அசையாமல் நின்றது. பர்னர் பக்கத்துப் பாதியும் நின்றது. அப்படியானால் பிழை இணைப்பிலேயே. ஃப்ளேரை விளக்கடியில் திருப்பிப் பார்த்தபோது ஒரு பக்கத்து விளிம்பு மற்றதைவிட ஒடுங்கியிருந்தது, அதன் மேல் மயிரிழைபோல் ஒரு கோடு. உத்தரங்களுக்கு நடுவே கையைத் தூக்கிக்கொண்டு போட்ட ஃப்ளேர் அது. மேசைமேல் போட்டவையெல்லாம் குறையில்லாமல் இருந்தன.

அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டதும் 20 அங்குலத்தில் அரை மணி நேரம் முள் நகரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாளைக்கு அந்த இடத்தில் மறுபடி ஏதாவது தளர்ந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, பம்ப்பருகே மீட்டருக்கும் தெரியாது. அதனால் கூரைவழியையே கைவிட முடிவுசெய்தோம்.

புது வழி கதவில்லாத சுவர்களை ஒட்டித் தாழ்வாகச் சுற்றி வருகிறது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வீட்டு பர்னர் குடிக்கும் எண்ணெய் குறைவு என்பதால் 3/8 அங்குலக் குழாய்க்கு இந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. முக்கியமானது, 50 அடிச் சுருளிலிருந்து ஒரே துண்டு. நடுவில் இணைப்பு கிடையாது, இரு முனையிலும் ஃப்ளேர், இரண்டும் மேசைமேல் போட்டவை. கான்கிரீட்டோடு ஒட்டி வெறும் காப்பர் கிடந்தால் வெளிப்புறம் அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் உறை போட்ட குழாயாக வாங்கினோம். கிளிப் அடித்து, மேலே உலோக மூடி போட்டோம்.

தாழ்வான குழாய்க்கு வேறோர் ஆபத்து உண்டு. யாராவது எதையாவது போட்டு உடைத்தால் டேங்கில் இருப்பதெல்லாம் தானாக வெளியே ஓடும். அதற்காக டேங்க் வாயில், ஃபில்டருக்கு முன்னால், பம்ப் இழுத்தால் மட்டும் திறக்கும் பாதுகாப்பு வால்வைச் சேர்த்தோம். குழாய் அறுந்தாலும் இழுப்பு இல்லாததால் அது மூடிக்கொள்ளும். இதனால் பம்ப் ஓடும்போது குழாய் முழுவதும் வெற்றிடத்துக்கு வருகிறது. அதாவது சொட்டாத கசிவுக்கு மறுபடி வாய்ப்பு உண்டு. ஆனால் இப்போது அது மீட்டருக்குத் தெரியும் வெற்றிடம். பம்ப்பருகே மூன்றங்குலத்தை ஒட்டி நிற்கிறது. ஒரே குழாய் அமைப்புக்கு 6 அங்குலம் வரை போகலாம். முள் ஏறினால் ஃபில்டர் அடைக்கிறது என்று பொருள். இறங்கி ஆடினால் எங்கோ காற்று நுழைகிறது.

செலவில் பெரும்பங்கு டேங்குக்கும் இரும்புக் குழாய்க்கும்தான். பாதுகாப்பு வால்வு, வெப்ப வால்வு, விசில், வெற்றிட மீட்டர் நாலையும் கூட்டினாலும் டேங்கின் விலையில் சிறு பகுதி. மரைக் கருவியையும் வெற்றிடப் பம்ப்பையும் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். ஃப்ளேர் கருவியை மட்டும் நல்லதாகச் சொந்தமாக வாங்குங்கள். மலிவான கருவியின் கூம்பு மையம் விலகி நிற்கும், விளிம்பு ஒடுங்குவதற்கு அதுவே பாதிக் காரணம். காப்பருக்கு இரண்டு தரம் காசு போனதில் வருத்தம்தான்.

மறுபடி செய்தால் குழாயின் வழியை முடிவுசெய்து, நீளத்தை அளந்து, ஒரே சுருளாக வாங்கிவிட்டுத்தான் டேங்கின் மூலையைத் தேர்வுசெய்வேன். எண்ணெய் நிரப்பும் முன்னாலேயே, காலிக் குழாயில் 20 அங்குல வெற்றிடச் சோதனை. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே மீட்டரை முதல் நாளே நிரந்தரமாகப் பொருத்துவேன். டேங்குக்கு அடியில் ஒரு தட்டும் வைத்திருப்பேன், இப்போது அதைக் கால்களைத் தூக்காமல் நுழைக்க முடியவில்லை.

பராமரிப்பில் இரண்டு பழக்கம் வந்திருக்கிறது. லாரி நிரப்பும்போது பர்னரை அணைத்து, கலங்கிய கசடு படிய இரண்டு மணி நேரம் கழித்தே போடுகிறோம். வருடத்துக்கு ஒரு முறை ஃபில்டரை மாற்றும்போது அதன் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுகிறோம். பழைய வளையம் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் காற்று நுழைய அதைவிட வசதியான இடம் இந்தக் குழாயில் வேறில்லை. மாற்றி முடித்ததும் பர்னரை ஓட்டி, முள் மறுபடி மூன்றங்குலத்தை ஒட்டி வந்து நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துவைக்கிறோம்.